தைப்பூசத்துக்குப் பிறகு கத்தரியை எடுங்கள்: பினாங்கு வீடுகளில் எலுமிச்சை வளர்ப்பும் கவாத்தும்

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பினாங்கின் தமிழ் வீடுகளில் சுவருக்குச் சாயம் பூசுவார்கள், திரைச்சீலைகளைத் துவைப்பார்கள், முன்வாசலைத் தேய்த்துக் கழுவுவார்கள். அந்தச் சுத்தத்தோடு சேர்த்து, வேலியோரம் படர்ந்து நிற்கும் எலுமிச்சை மரத்தையும் பாராங் கத்தியால் ஒரே நாளில் மொட்டையடித்துவிடும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. மரத்துக்கு இதைவிடக் கேடான காலம் ஆண்டில் வேறொன்று இல்லை. செப்டம்பரும் அக்டோபரும் பினாங்கில் மழை மிகுந்த மாதங்கள். நவம்பரிலும் மழை விடுவதில்லை. வெட்டுண்ட மரம் இரண்டு மூன்று வாரத்தில் இளந்தளிர்களைத் தள்ளும். அந்தத் தளிர்கள் நாள்தோறும் நனைந்தபடியே முற்ற வேண்டியிருக்கும். எலுமிச்சையின் கொடிய நோய்களில் ஒன்றான சொறிநோய் மழைத்துளியில் தெறித்துத்தான் பரவுகிறது. வெட்டுக்காயத்தின் வழியாகவும் இளந்தளிரின் நுண்துளைகளின் வழியாகவும் உள்ளே நுழைகிறது. நானும் தொடக்கத்தில் இரண்டு ஆண்டுகள் தீபாவளிக்கு முன்புதான் வெட்டினேன். இரண்டாம் ஆண்டு பொங்கல் வருவதற்குள் இலை, காம்பு, காய் என்று எல்லாவற்றிலும் பழுப்புச் சொறி ஏறியிருந்தது.

நம் ஊரில் கவாத்துக்கு, அதாவது வேண்டாத கிளைகளை அளவாக வெட்டிவிடுவதற்கு, பொருத்தமான காலம் தைப்பூசத்தை ஒட்டி வருகிறது. டிசம்பர் இறுதியிலிருந்து பிப்ரவரி வரை பினாங்கில் மழை குறைவு. வெட்டிய இடம் ஓரிரு நாளில் காய்ந்துவிடும். நோய்க்கிருமி தெறித்துப் பரவ நீர் இருக்காது. அதோடு, தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடி எடுப்பவர்களுக்கும், அலகில் எலுமிச்சம்பழம் கோத்துக்கொள்பவர்களுக்கும், ரத ஊர்வலத்துக்கு மாலை கட்டுபவர்களுக்கும் என்று மரத்திலுள்ள பழம் முழுவதும் அந்த வாரத்தில் இறங்கிவிடும். காய் சுமக்காத மரத்தில் எந்தக் கிளை வேண்டும், எது வேண்டாம் என்று பார்ப்பது எளிது. பழம் பறித்த மறுவாரமே கத்தரியை எடுக்கலாம்.

இணையத்தில் காணும் கவாத்துக் காணொளிகளில் பல குளிர்நாடுகளில் எடுக்கப்பட்டவை. 'குளிர்காலம் முடியும் தறுவாயில் வெட்டுங்கள்' என்று அவர்கள் சொல்வது அவர்கள் மண்ணுக்குச் சரி. இங்கே எலுமிச்சை ஆண்டு முழுவதும் விழித்திருக்கிறது. அதை ஓயவைப்பது குளிர் அல்ல, வறட்சி. ஆகவே நாம் மழையைப் பார்த்துத்தான் வெட்ட வேண்டும், மாதத்தின் பெயரைப் பார்த்து அல்ல. கோலாலம்பூரில் உள்ளவர்களும் இதே கணக்கைப் பின்பற்றலாம்: அங்கே ஏப்ரலை ஒட்டியும் அக்டோபர், நவம்பரிலும் மழை கனக்கும், ஜனவரி, பிப்ரவரியிலும் ஜூன், ஜூலையிலும் சற்றுத் தணியும்.

எந்த மரம், எந்த இடம்

நாம் எலுமிச்சை என்று சொல்வது சந்தையில் லிமாவ் நிப்பிஸ் என்று விற்கப்படும் மரம். ஊறுகாய்க்கும் சாற்றுக்கும் பூசைக்கும் இதுவே பொருத்தம். லிமாவ் கஸ்தூரி இதைவிடச் சிறியது, தொட்டியில் நன்றாக வாழும், நோயையும் கொஞ்சம் தாங்கும். அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது அதைத்தான். லிமாவ் பூருட் இலைக்காக வளர்க்கப்படுவது. பேரங்காடியில் கிடைக்கும் மஞ்சள் நிற லெமனின் விதையை முளைக்கவைத்துப் பார்க்கும் ஆசை பலருக்கு உண்டு. விதையிலிருந்து வரும் கன்று காய்க்கப் பல ஆண்டுகள் எடுக்கும், அதுவரை முள்ளாகவே வளரும்; காய்த்தாலும் நம் தாழ்நிலத்து வெப்பத்தில் தோல் முழு மஞ்சளாக மாறாது. லெமன், ஆரஞ்சு போன்ற சிட்ரஸ் வகைப் பழங்களின் தோலில் பச்சை நீங்கி முழு நிறம் ஏற இரவுக் குளிர் வேண்டும். பச்சையாகவே இருந்தாலும் உள்ளே பழம் பழுத்துத்தான் இருக்கும் என்பதை அறிந்து வளர்த்தால் ஏமாற்றமில்லை.

ஒட்டுச்செடியோ பதியச்செடியோ வாங்குவது நல்லது. வாங்கும்போது இலையின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். தடித்த பழுப்புப் புள்ளியைச் சுற்றி மஞ்சள் வளையம் இருந்தால் அந்தச் செடியை விட்டுவிடுங்கள். ஒட்டுச்செடி என்றால், ஒட்டுக்கட்டிய இடம் எங்கே என்று விற்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் தண்டில் ஒரு முடிச்சோ வளைவோ தெரியும். அது எப்போதும் மண்ணுக்கு மேலேயே இருக்க வேண்டும்.

சீனப் புத்தாண்டுக்குக் கடைகளில் காய் நிறைந்த கஸ்தூரித் தொட்டிகளை அடுக்கி வைப்பார்கள். பதினைந்தாம் நாளான சாப் கோ மே கழிந்ததும் அவற்றில் பல தெருவோரத்துக்கு வந்துவிடும். அத்தகைய செடியை எடுத்து வாழவைக்கலாம். அதிலுள்ள காய் முழுவதையும் உடனே பறித்துவிடுங்கள். அழகுக்காக வளர்த்த செடியில் மருந்து அடித்திருப்பார்கள் என்பதால் அவற்றை உண்ண வேண்டாம். பிறகு பெரிய தொட்டிக்கு மாற்றி, கிளைகளில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, இரண்டு வாரம் காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வையுங்கள்.

மரத்துக்கு நாளுக்கு 6 மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். மாடி முகப்பில் வளர்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் சூரியன் ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை வடக்குப் பக்கமாகவும், அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை தெற்குப் பக்கமாகவும் சாய்ந்து செல்கிறது. வடக்கு நோக்கிய முகப்பில் பாதி ஆண்டு வெயில் இருக்கும், மீதிப் பாதி இருக்காது. கிழக்கு அல்லது மேற்கு நோக்கிய முகப்பே எலுமிச்சைக்கு ஏற்றது.

தரையில் நடுபவர்களுக்கு முதல் எதிரி தேங்கும் நீர். தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடுகளின் முன்வாசல் மண் பெரும்பாலும் கட்டட இடிபாடு கலந்த இறுகிய களிமண். ஓர் அடி ஆழத்துக்குக் குழி தோண்டி நீரை நிரப்பிப் பாருங்கள். சில மணி நேரத்தில் வடியாவிட்டால் அங்கே குழியில் நடாமல், ஓர் அடி உயரத்துக்கு மேடு கட்டி அதன்மேல் நடுங்கள். தொட்டி என்றால் குறைந்தது 45 சென்டிமீட்டர் அகலம் வேண்டும். மேல்மண் 3 பங்கு, மக்கிய உரம் 2 பங்கு, ஆற்றுமணல் 1 பங்கு என்னும் நம் நாட்டு நாற்றங்கால் கலவை எலுமிச்சைக்குப் பொருந்தும். தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். தட்டில் தேங்கும் நீரில் ஏடிஸ் கொசுவின் முட்டை ஒன்றிரண்டு வாரத்துக்குள் கொசுவாகிவிடும். வீட்டு வளாகத்தில் கொசு முட்டையிட இடம் கொடுப்பது 1975ஆம் ஆண்டு நோய்பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்படி குற்றமும் ஆகும். தொட்டியை இரண்டு செங்கல்லின்மேல் தூக்கி வைத்தால் போதும்.

கவாத்து

முதலில் கருவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாராங் கத்தி ஓங்கி வெட்டும்போது பட்டையைக் கிழிக்கும், கிளையின் நாரைப் பிளக்கும். அந்தப் பிளவு ஆறுவதற்கு மாதங்கள் ஆகும். இரண்டு அலகும் ஒன்றையொன்று உரசிச் செல்லும் கைக்கத்தரி ஒன்றும், விரல் பருமனுக்கு மேற்பட்ட கிளைக்கு மடக்கு ரம்பம் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குப் போகும்போதும், நோய்ப்பட்ட கிளையை வெட்டிய உடனேயும், 70 விழுக்காட்டு ஆல்கஹாலால் அலகைத் துடையுங்கள். துணி வெளுக்கும் திரவத்தில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு நீர் சேர்த்தும் துடைக்கலாம். ஆனால் அது இரும்பை அரிக்கும் என்பதால் வேலை முடிந்ததும் கழுவித் துடைத்து எண்ணெய் தடவ வேண்டும். தடித்த கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் கட்டாயம். எலுமிச்சை முள் குத்தினால் பல நாள் வலிக்கும்.

தோலைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. எலுமிச்சையின் சாறும் தோலெண்ணெயும் கையில் பட்டு, அந்தக் கை வெயிலில் காய்ந்தால், தீக்காயம் போல் கொப்புளித்துக் கருத்துவிடும். அதிலுள்ள ஒருவகைப் பொருள் சூரியனின் புற ஊதாக் கதிரோடு சேர்ந்து தோலைத் தாக்குவதே காரணம். குழந்தைகளை வைத்துக்கொண்டு பழம் பறிக்கும் வீடுகளில் இதை நினைவில் வைக்க வேண்டும். வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கழுவிய பிறகே வெயிலில் நிற்க வேண்டும்.

காலையில் இலை உலர்ந்த பிறகு தொடங்குங்கள். கத்தரியை எடுப்பதற்கு முன் மரத்தை ஒரு முறை சுற்றி வந்து பாருங்கள். அடுத்த சில நாளுக்கு மழை வராது என்று தெரிந்தால் மட்டும் வெட்டுங்கள்.

முதலில் போக வேண்டியது காய்ந்த கிளை. நகத்தால் சுரண்டினால் உள்ளே பச்சை தெரியாது, பழுப்பாக இருக்கும். அதற்கு அடுத்தது நோய்ப்பட்ட கிளை. சொறி தெரியும் இடத்துக்குக் கீழே ஒரு சாண் தள்ளி நல்ல பகுதியில் வெட்டி, வெட்டியதைப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் அல்ல.

மூன்றாவது, ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பும் போத்து. இதைப் பற்றி நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பல வீடுகளில் நல்ல மரம் பாழாவது இங்கேதான். ஒட்டுச்செடியின் வேர்ப்பகுதி ஒரு மரம், மேற்பகுதி வேறொரு மரம். வேர்ப்பகுதி எப்போதும் தன் சொந்தக் கிளையைத் தள்ளப் பார்க்கும். அது மேலேயுள்ள கிளையைவிட வேகமாக, செழிப்பாக வளரும். என் தாயார் வீட்டு வாசலில் நின்ற எலுமிச்சை நான்காம் ஆண்டில் திடீரென்று கொழித்து வளர்ந்தபோது நாங்கள் எல்லோரும் மகிழ்ந்தோம். ஐந்தாம் ஆண்டில் காய்த்த காய் சொரசொரப்பாகவும் சாறின்றியும் இருந்தது. அடியில் குனிந்து பார்த்தபோதுதான், நாங்கள் நட்ட எலுமிச்சை உள்ளே விரல் பருமனில் பட்டுப்போய் நின்றதும், எங்களை மகிழ்வித்த பச்சை அனைத்தும் வேர்ப்பகுதியிலிருந்து வந்த போத்து என்பதும் தெரிந்தது. மாதம் ஒரு முறை குனிந்து பார்த்து, விரல் நீளம் இருக்கும்போதே கையால் பக்கவாட்டில் இழுத்துப் பிய்த்துவிட்டால் இந்த இழப்பு நேராது. கத்தரியால் வெட்டினால் அடியில் எஞ்சும் மொட்டிலிருந்து மீண்டும் இரண்டாகக் கிளம்பும். பிய்த்தால் மொட்டும் சேர்ந்து வந்துவிடும்.

நான்காவது, ஒட்டுக்கு மேலே நடுமரத்திலிருந்து செங்குத்தாகப் பாயும் நீர்ப்போத்து. தண்டு உருண்டையாக இல்லாமல் முனைகள் கொண்டதாகவும், இலை பெரியதாகவும், முள் நீண்டதாகவும் இருந்தால் அது நீர்ப்போத்து. காய்ப்பு தராமல் சத்தை இழுக்கும். மரத்தின் ஒரு பக்கம் வெறுமையாக இருந்தால் மட்டும், அந்தப் பக்கத்தில் ஒன்றை விட்டு நுனியைக் கிள்ளி, கிளையாக்கிக்கொள்ளலாம்.

அதற்குப் பிறகுதான் நல்ல கிளைகளுக்கு வர வேண்டும். ஒன்றோடொன்று உரசும் இரண்டில் மெலிந்ததை எடுங்கள். உள்நோக்கி வளர்வதை எடுங்கள். தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை கிளையே இருக்கக் கூடாது. மண்ணிலிருந்து மழை தெறித்து ஏறும் பூஞ்சையும், தரைவழி ஏறும் எறும்பும் அந்தத் தாழ்கிளையைத்தான் பாலமாகப் பயன்படுத்துகின்றன. உயரத்தைக் கடைசியில் பாருங்கள். கை உயர்த்தினால் எட்டும் அளவு போதும். அதற்கு மேலே போன கிளையை நடுவில் நறுக்காமல், அது பிரியும் இடம் வரை கீழிறங்கி, பக்கக் கிளை ஒன்றை விட்டு வெட்டுங்கள்.

வேலியைக் கத்தரிப்பது போல் மரத்தைச் சுற்றி உருண்டையாக நறுக்குவதுதான் பலரும் செய்யும் தவறு. எலுமிச்சை புதுத்துளிரின் நுனிப்பகுதியில்தான் பூக்கிறது. சுற்றிலும் நறுக்கினால் அடுத்த பூப்பு முழுவதும் குப்பையில் போய்விடும். அதோடு, வெட்டிய ஒவ்வொரு நுனியிலிருந்தும் நாலைந்து துளிர் கிளம்பி, வெளியே பச்சைச் சுவரும் உள்ளே இருட்டும் உண்டாகும். நம் ஊர் ஈரத்தில் அந்த இருட்டுதான் செதில்பூச்சிக்கும் மாவுப்பூச்சிக்கும் வீடு. குளிர்நாட்டில் வடிவத்துக்காக வெட்டுகிறார்கள் என்றால், நாம் வெட்டுவது காற்று புகுவதற்காக. மழை விட்டு ஒரு மணி நேரத்தில் உள்ளிலை உலர வேண்டும். நண்பகலில் மரத்தடியில் நின்று தரையைப் பாருங்கள். சல்லடையில் சலித்தது போல வெயில் ஆங்காங்கே விழுந்திருந்தால் போதிய அளவு வெட்டியாகிவிட்டது. கத்தரியைக் கீழே வைத்துவிடலாம். மேலே சொன்ன புத்தாண்டுத் தொட்டிச்செடி நீங்கலாக, எவ்வாறாயினும் ஒரு முறையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்ட மரமாக இருந்தால் மூன்று தைப்பூசங்களுக்குப் பிரித்துச் செய்யுங்கள்.

வெட்டும் இடமும் முக்கியம். கிளை நடுமரத்தோடு சேரும் இடத்தில் மோதிரம் போல் சற்றுத் தடித்திருக்கும். அந்த மோதிரத்தை ஒட்டி வெளியே வெட்ட வேண்டும். மோதிரத்தையே சீவினால் காயம் மூடாது, நீளமாகக் குச்சியை விட்டாலும் அது அழுகி உள்ளே இறங்கும். கனமான கிளை என்றால், முதலில் அரை முழம் தள்ளி அடிப்புறத்தில் கால்பங்கு அறுத்து, பிறகு அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையை விழவைத்து, கடைசியாக எஞ்சிய குச்சியை மோதிரத்தை ஒட்டி எடுங்கள். அடிப்புறம் அறுக்காமல் மேலிருந்தே அறுத்தால் கிளை விழும் கனத்தில் பட்டை நடுமரம் வரை உரிந்துவிடும்.

வெட்டுவாயில் தாரோ சாயமோ சாணமோ பூச வேண்டியதில்லை. மரம் தானே காயத்தைச் சுற்றி வளர்ந்து மூடிக்கொள்ளும். பூசினால் ஈரம் உள்ளே அடைபடும். கிளை போனதால் நடுத்தண்டில் மாலை வெயில் நேராக அடித்தால் மட்டும், வெள்ளை நீர்ச்சாயத்தில் சம அளவு நீர் கலந்து தண்டுக்குப் பூசுங்கள். அது வெயிலில் பட்டை வெடிப்பதைத் தடுக்கும். காய்க்காத மரத்தில் ஆணி அறைவதும், தண்டைக் கத்தியால் கொத்துவதும் இன்னும் சில வீடுகளில் நடக்கின்றன. அந்தக் காயம் மரத்தின் அடியை அழுகவைக்கும் பூஞ்சைக்கு வழிவிடும், தயவுசெய்து செய்யாதீர்கள்.

இளங்கன்றுக்கு இவ்வளவு வேலை இல்லை. இடுப்பளவு உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளி, வெவ்வேறு திசையில் செல்லும் மூன்று அல்லது நான்கு கிளைகளை மட்டும் விட்டு வளர்த்தால், பின்னாளில் ரம்பம் எடுக்க வேண்டிய தேவையே குறையும். முதல் ஆண்டில் வரும் பூவையும் கிள்ளிவிடுங்கள்.

வெட்டப்போகும் கிளை நல்லதாக, பென்சில் பருமனில் இருந்தால் அதை வீணாக்க வேண்டாம். வெட்டுவதற்கு இரண்டு மாதம் முன்பே அதில் விரல் அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, பச்சைப்படலத்தைச் சுரண்டி, ஈரமான தேங்காய் நார்த்தூளை வைத்து நெகிழித்தாளால் இறுகக் கட்டுங்கள். ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தாளுக்குள் வேர் தெரியும். அதற்குக் கீழே வெட்டித் தொட்டியில் நட்டால், தாய்மரத்தின் அதே குணத்தோடு ஒரு கன்று கிடைக்கும். நோயுள்ள மரத்தில் மட்டும் இதைச் செய்யக் கூடாது.

நீர், உரம், பூப்பு

கவாத்து முடிந்த வாரம் வறண்ட காலம் என்பதால் தரையிலுள்ள மரத்துக்கு வாரம் இரண்டு மூன்று முறை ஆழமாகவும், தொட்டிக்கு நாள்தோறும் நீர் விடுங்கள். காய்ந்த இலையையோ வெட்டிய புல்லையோ மரத்தடியில் மூன்று விரல் கனத்துக்குப் பரப்பலாம், ஆனால் தண்டைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி இருக்க வேண்டும். தண்டைச் சுற்றி மண்ணைக் குவித்து அணைப்பது வாழைக்குச் சரி, எலுமிச்சைக்குக் கேடு. தண்டின் அடி ஈரத்தில் ஊறினால் பட்டை வெடித்துப் பிசின் வடியும், பிறகு மரம் ஒரு பக்கமாகக் காயத் தொடங்கும்.

உரத்தை வெட்டிய அன்றே போட வேண்டாம். புதுத்துளிர் தெரியும்போது போடுங்கள். கடைகளில் மூட்டையிலிருந்து பிரித்து விற்கும் ஆட்டுப் புழுக்கை இரண்டு மூன்று கிலோவை மூன்று மாதத்துக்கு ஒரு முறை கிளைநிழலின் விளிம்பில் தூவி மண்ணோடு கிளறுங்கள்; வேரின் நுனி அங்கேதான் இருக்கிறது. அதோடு, இலை வளரும் பருவத்தில் 15:15:15 என்று குறித்த பச்சை பாஜாவும் (பாஜா என்பது கடையில் விற்கும் இரசாயன உரம்), பூவெடுக்கும் பருவத்தில் 12:12:17:2 என்று குறித்த நீல பாஜாவும், வளர்ந்த மரத்துக்கு இரண்டு மூன்று பிடி கொடுக்கலாம். தொட்டிக்கு மாதம் ஒரு மேசைக்கரண்டி போதும். மிகுந்தால் இலைநுனி கருகும். நம் மண் பெரும்பாலும் புளிப்பானது. ஆண்டுக்கு இரு முறை ஒரு பிடி டோலமைட் சுண்ணாம்பு தூவினால் அது சமப்படும், மரத்துக்கு வேண்டிய மக்னீசியமும் சுண்ணச்சத்தும் கிடைக்கும். சுண்ணாம்புக்கும் பாஜாவுக்கும் இடையே இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள். ஒன்றாகப் போட்டால் தழைச்சத்து ஆவியாகிப் போய்விடும்.

மஞ்சள் இலையைப் பார்த்தவுடன் உரம் போடுவதற்கு முன், எந்த இலை மஞ்சள் என்று பாருங்கள். முதிர்ந்த இலை முழுவதும் சீராக வெளிறினால் தழைச்சத்துக் குறைவு. முதிர்ந்த இலையின் அடியில் மட்டும் பச்சை எஞ்சி, நுனியும் ஓரமும் மஞ்சளானால் மக்னீசியக் குறைவு. 4 லிட்டர் நீரில் ஒரு மேசைக்கரண்டி எப்சம் உப்பைக் கரைத்து ஊற்றுங்கள். இளந்தளிரில் நரம்பு மட்டும் பச்சையாக இருந்து இடைப்பகுதி வெளிறினால் இரும்புச்சத்தை வேர் எடுக்க முடியவில்லை என்று பொருள். பெரும்பாலும் நீர் தேங்கியிருக்கும் அல்லது சுண்ணாம்பு மிகுந்திருக்கும்.

பூப்பைப் பற்றி ஒரு கணக்குச் சொல்கிறேன். எலுமிச்சை, ஓரளவு வறட்சிக்குப் பிறகு நல்ல மழை பெய்யும்போது பூத்துத் தள்ளும். பூ காயாகிப் பறிக்கும் பருவம் வர ஐந்து ஆறு மாதம் ஆகும். பிப்ரவரியில் கவாத்து செய்த மரம் மார்ச், ஏப்ரல் மழையில் துளிர்த்துப் பூத்தால், ஆகஸ்டிலிருந்து காய் பறிக்கலாம். ஜூன், ஜூலையில் மழை சற்றுத் தணிந்து ஆகஸ்டில் பிடிக்கும்போது வரும் பூ தைப்பூசத்துக்குப் பழமாகும். அதற்காக ஜூலையில் தொட்டிச்செடிக்கு இரண்டு வாரம் நீரைக் குறைத்து, இலை இலேசாகச் சுருளும்போது மீண்டும் முழுதாக நீர் விடலாம். இலை உதிரும் அளவுக்குக் காயவிடக் கூடாது. பூவில் பெரும்பகுதி உதிரும். பட்டாணி அளவில் பிஞ்சும் உதிரும். அது மரத்தின் இயல்பு.

கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் வேண்டாம்

நம் வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கல் இது. எலுமிச்சையும் கறிவேப்பிலையும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. சிட்ரஸ் பயிரை மீள முடியாதபடி அழிக்கும் பச்சைநோயைப் பரப்பும் சில்லிட் என்னும் சிறுபூச்சிக்குக் கறிவேப்பிலையின் இளந்தளிர் மிகப் பிடிக்கும். வேலிக்காக நடும் கெமுனிங் செடியும் அப்படியே. நாம் தாளிப்புக்காகக் கறிவேப்பிலையை ஒடித்துக்கொண்டே இருக்கிறோம். ஒடிக்க ஒடிக்க அது ஆண்டு முழுவதும் துளிர்க்கிறது. அந்தத் துளிரில் பூச்சி ஆண்டு முழுவதும் பெருகி, எலுமிச்சை துளிர்க்கும் நாளில் அங்கே தாவுகிறது. இரண்டையும் வாசலின் ஒரே மூலையில் நடும் பழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும். ஒன்று முன்வாசலில் என்றால் மற்றது வீட்டுக்குப் பின்னால் இருக்கட்டும்.

அந்தப் பூச்சி எள்ளளவுதான் இருக்கும். தலையைத் தாழ்த்தி, பின்புறத்தைச் சரிவாகத் தூக்கியபடி தளிரில் உட்கார்ந்திருக்கும். குஞ்சுகள் மஞ்சளாக, வெள்ளை மெழுகு இழைகளோடு இருக்கும். கண்ட தளிரைக் கிள்ளிப் பையில் போட்டுக் கட்டுங்கள். எஞ்சியதற்கு ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி பாத்திரச் சோப்புத் திரவத்தைக் கலந்து, மாலையில், இலையின் அடிப்புறம் நனையும்படி அடித்து, மறுநாள் காலையில் நீரால் கழுவுங்கள். மாவுப்பூச்சிக்கும் செதில்பூச்சிக்கும் இதுவே போதும்.

பச்சைநோய் வந்துவிட்டதா என்று அறிய ஓர் இலையைப் பறித்து நடுநரம்பில் மடித்துப் பாருங்கள். சத்துக்குறைவால் வரும் மஞ்சள் இரு பாதியிலும் ஒரே போல் இருக்கும். பச்சைநோயில் ஒரு பாதியின் திட்டும் மறு பாதியின் திட்டும் பொருந்தாது. காய் ஒரு பக்கமாகக் கோணி, உள்ளே விதை சுருங்கி, கசக்கும். மலேசியாவின் சிட்ரஸ் தோட்டங்களுக்குப் பெருஞ்சேதம் விளைவித்த இந்த நோய்க்கு வீட்டில் செய்யத்தக்க மருந்து இல்லை. அண்டை வீட்டு மரங்களைக் காக்க, அந்த மரத்தை வேரோடு எடுத்துவிட வேண்டும். அது வருத்தமான வேலைதான்; ஆனால் தள்ளிப்போடக் கூடாது.

சொறிநோய்க்கு மருந்து உண்டு. கவாத்து முடிந்ததும் ஒரு முறையும், மழை தொடங்கித் துளிர் பாதி விரியும்போது ஒரு முறையும் செம்பு கலந்த பூஞ்சணக்கொல்லியைப் பொட்டலத்தில் குறித்துள்ள அளவில் அடியுங்கள். இலையில் வெள்ளிக் கோடு கிறுக்கியது போல் தெரிந்தால் அது இலைத்துளைப்பான் புழு. முதிர்ந்த மரத்துக்கு அதனால் பெரிய நட்டமில்லை, ஆனால் அந்தக் கோட்டின் வழியாகச் சொறி நுழையும் என்பதால் மழைமாதங்களில் மோசமான துளிர்களைக் கிள்ளிவிடுவது நல்லது. பறவை எச்சம் போலத் தொடங்கிப் பிறகு பச்சையாகப் பருக்கும் புழு, எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் குழந்தை. பெரிய மரத்தில் பத்துப் புழு இருந்தாலும் விட்டுவிடுவேன். தொட்டிச்செடியை இரண்டே நாளில் மொட்டையாக்கும் என்பதால் அங்கே மட்டும் கையால் எடுத்துக் கறிவேப்பிலை மரத்தில் விடுகிறேன். அதையும் அது தின்னும். இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும் சிவப்புக் கெரெங்கா எறும்பு புழுவையும் நாவாய்ப்பூச்சியையும் வேட்டையாடும், தென்சீனத்துப் பழத்தோட்டக்காரர்கள் பல நூற்றாண்டுகளாக அதை மரத்தில் ஏற்றி வளர்த்திருக்கிறார்கள். கவாத்துக்கு முந்திய நாள் மாலை கூடு உள்ள கிளையை மட்டும் அடையாளமிட்டு வையுங்கள். அதை விட்டுவிட்டு மற்றதை வெட்டலாம்.

பழம் பறிக்கும்போது இழுக்காதீர்கள். இழுத்தால் காம்போடு தோலும் பிய்ந்து, அந்தப் பழம் இரண்டு நாளில் அழுகும். சில நேரம் அடுத்த பூ வரவேண்டிய நுனியும் சேர்ந்து முறியும். கத்தரியால், காம்பின் பச்சைப் பொத்தான் பழத்திலேயே இருக்கும்படி, ஒட்ட வெட்டுங்கள். தோலின் சொரசொரப்பு மறைந்து மினுமினுப்பு ஏறி, கரும்பச்சை இளம்பச்சையாக மாறும்போது சாறு நிறைந்திருக்கும். ஊறுகாய்க்கும் கோயிலுக்கும் மஞ்சள் ஏறும் வரை இரண்டு மூன்று வாரம் மரத்திலேயே விடலாம். காலைப் பனி உலர்ந்த பிறகு பறித்து, நிழலில் பரப்பி வைத்தால், தைப்பூசத்துக்கு ஒரு வாரம் முன்பு பறித்த பழம்கூட ரதம் புறப்படும் நாளில் வாடாமல் இருக்கும்.